எழ மறுத்த பிணமும் கறுப்பு அரசும்

டோங் ஷூகென் அன்று அதற்குள் மூன்று முறை செத்திருந்தார். ஜாவ் நாட்டு வீரனாக ஒரு தடவை, ஹான் நாட்டுக் காவலாளியாக ஒரு தடவை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து யென் நாட்டுத் தூதனாக அரியணைப் படியில் ஒரு தடவை. முதல் இரண்டு சாவிலும் வம்பில்லை. மூன்றாவதில்தான் எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துவிட்டார்.

எனக்கு ஹெங்டியன் படப்பிடிப்பு நகரத்தில் வேலை. பதினாறு வருடமாக வீரர்களுக்குக் குடுமி முடிகிறேன். சின் நாடு ஆறு நாடுகளை விழுங்கிப் பேரரசான கதையை எழுபத்திரண்டு பகுதி டிவி நாடகமாக எடுத்துக்கொண்டிருந்தோம். செத்து நடித்தவர்கள் எழுவதற்கு முன் கம்பெனி கையால் காசு போட்ட ஒரு சிவப்பு உறை வாங்கிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துவிட்டு எழ வேண்டும். இல்லாவிட்டால் சாவு கூடவே வீட்டுக்கு வரும். புது ஆட்கள்கூட இதில் விளையாட மாட்டார்கள்.

உறைகளை வைத்திருந்த நிர்வாகி, குதிரைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று மருந்து வாங்கப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை.

“டோங் அண்ணே, எழுந்திரிங்க. உறையை அப்புறம் வாங்கிக்கலாம்” என்றேன்.

“என் பொண்டாட்டியப் பிரசவ அறைக்குள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க, குய்” என்றார் பிணம், உதடு அசையாமல். “பதினோரு வருஷம் காத்திருந்த பிள்ளை. இன்னைக்குப் போய் சாவைத் தூக்கிட்டு வரச் சொல்றியா?”

படுக்கும் முன் அவர் என்னிடம் கொடுத்துவைத்த போனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

இயக்குநர் ஹோவுக்கு உயிரே போய்விட்டது. அரண்மனைக் கூடம் ஐந்து மணி வரைதான் எங்களுக்கு. மிச்சமிருப்பதோ முடிசூட்டு விழா.

“உறையைப் போன்ல அனுப்பிடறேன்யா!”

“அதைத் திறக்க விரலை அசைக்கணும் சார். பிணம் அசையலாமா?”

“பேசறியே, அது மட்டும் சரியா?”

“வாயை அசைக்கலையே சார்.”

ஹோ கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, “கிடக்கட்டும். பிணத்தோட எடுங்க” என்றார்.

வரலாற்று ஆலோசகர் பேராசிரியர் கோங் துள்ளி எழுந்தார். அறுபது வயது, மனிதர் தும்முவதற்குக்கூட ஆதாரம் கேட்பார். “சின் மன்னன் முடிசூடினப்ப படியில பிணம் கிடக்கல!”

“கிடக்கலன்னு எங்கயாவது எழுதியிருக்கா?”

பேராசிரியர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். “எழுதல” என்று உட்கார்ந்துவிட்டார்.

மன்னனாக நடித்தவன் பாட்டுப் பாடிப் பேர் வாங்கிய பையன், லிங். மூன்று நாட்டுத் தூதர்கள் டோங்கைச் சுற்றிப் போய்க் குப்புற விழுந்து கும்பிட்டார்கள். லிங் அவரைத் தாண்டும்போது அங்கி தடுக்கி அவர் வயிற்றிலேயே உட்கார்ந்தான். பேரரசு அங்கே அரை நிமிடம் நின்றது.

“மன்னிச்சுக்குங்க மாமா.”

“பரவாயில்ல தம்பி, நாட்டை நல்லா ஆளு” என்றது பிணம்.

அப்போதுதான் என் மடியில் டோங்கின் போன் அடித்தது. அவர் கொழுந்தியாள். எடுத்தேன்.

“அத்தான் எங்க?”

“செத்துக் கிடக்கார்மா. என்ன சேதி, சொல்லு.”

ஹெங்டியன்காரர்கள் வீட்டில் இந்தப் பதில் புதிதில்லை. அவளும் பதறவில்லை. ஆனால் அவள் குரல் வேறு காரணத்துக்காக நடுங்கியது. “பிள்ளை பிறந்திடுச்சு அக்கா. ஆம்பளப் பிள்ளை. ஆனா அழ மாட்டேங்குது. டாக்டருங்க சுத்தி நிக்கறாங்க.”

போன் சத்தம் அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது. டோங் எழுந்து ஓடுவார் என்று நினைத்தேன். அவர் இன்னும் இறுக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. எனக்குக் கோபம் வந்தது.

“உறைக்குப் பதிலா ஒரு துண்டு சிவப்பு கொடுங்கய்யா, யாராவது!” என்று கத்தினேன்.

நூற்றெண்பது பேர் தேடினார்கள். சின் நாட்டின் நிறம் கறுப்பு என்று கொடி, திரை, திண்டு, கயிறு எல்லாவற்றையும் கறுப்பாக்கியிருந்தார் பேராசிரியர். கூடத்துக்குள் சிவப்பில் ஒரு பேனாகூட நுழையக் கூடாது என்று வாசலில் ஆள் போட்டிருந்தார். சாயரத்தத்தைக்கூட, காய்ந்த ரத்தம் கறுப்புத்தான் என்று சொல்லிக் கரிபோலக் கலக்க வைத்திருந்தார். ஒரு முழுப் பேரரசில் விரல்கடை சிவப்பு இல்லை.

“எல்லாம் உங்களால வந்தது வாத்தியாரே!” என்று அவரிடமே போய் நின்றேன்.

அவர் முகம் வெளுத்தது. குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கால்சட்டை விளிம்புக்குக் கீழே பளீரென்று சிவப்புக் காலுறை.

எங்கள் கணக்கில் ஆண்டுக்கு ஒரு விலங்கு; அவருக்கு அது பிறந்த விலங்கின் ஆண்டு. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வரும் கெட்ட வருடம். வருடம் முழுக்கச் சிவப்பு அணிந்தால்தான் தப்பலாம். ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாத மனிதர், காலுறைக்குள் நம்பிக்கையை ஒளித்து வைத்திருந்தார்.

“இதைக் கழட்டினா எனக்கு...” என்று தொடங்கினார். போனில் கொழுந்தியாள் அழுவது கேட்டது. பிள்ளை அழுவது கேட்கவில்லை. பேராசிரியர் தரையில் உட்கார்ந்து வலது காலுறையை உருவினார்.

ஹோ அதை வாங்கி, உள்ளே படப்பிடிப்புக்கு வைத்திருந்த காசு ஒன்றைப் போட்டு முடிச்சிட்டார். “கம்பெனி கைதானே? நான்தானே கம்பெனி?”

“நீங்க சம்பளத்துக்கு வேலை பாக்கறவர் சார்” என்றது பிணம், விம்மிக்கொண்டே.

“இந்த நாடகத்துல நானும் பணம் போட்டிருக்கேன், நானும் கம்பெனிதான்” என்றான் லிங். காலுறையைப் பிடுங்கி, கிரீடமும் கறுப்பு அங்கியுமாகப் படியில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் நீட்டினான். “வாங்கிக்குங்க மாமா. எழுந்திரிங்க.”

டோங் வாங்கினார். எழுவதற்கு முன் சிரிக்க வேண்டும். அந்த நிலையில் மனிதன் எப்படிச் சிரிப்பான்? ஆனாலும் வாயைத் திறந்து, “ஹா, ஹா, ஹா” என்று சிரித்துவிட்டு எழுந்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

போனை எல்லாருக்கும் நடுவில் நீட்டிப் பிடித்தேன்.

அதில் வீல் என்று ஒரு சத்தம் வந்தது.

தூதர்கள், வீரர்கள், மன்னன் எல்லாரும் கத்திய கத்தலில் மேலேயிருந்து ஒரு விளக்கு விழுந்தது. ஐந்து மணி ஆகிவிட்டது. முடிசூட்டு விழா முடியவேயில்லை. ஹோகூடக் கவலைப்படவில்லை.

பையனுக்கு வீட்டில் கூப்பிடும் பேர் காலுறை. பிள்ளைக்கு ஒரு மாதம் நிறைந்த அன்று, வழக்கப்படி டோங் சாயம் பூசிய சிவப்பு முட்டை கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார்.

பேராசிரியர் கட்டுப் போட்ட வலது காலை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். காலுறை கழற்றிய மூன்றாம் நாள், அதே படியில் இடறிப் பெருவிரலை முறித்துக்கொண்டிருந்தார்.

“டோங்குக்குத் தெரியக் கூடாது” என்று என் காதில் சொல்லிவிட்டு, முட்டையை உரித்துத் தின்றார்.