கிழக்கே ஏபெல் டாரன்ட் நிலம்

சரிதா ஒரு நாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அங்கிட்டு' என்பாள். வேலைக்குச் சேர்ந்த அன்று, கைகழுவ அங்கிட்டுப் போகணுமா என்று கேட்டுவிட்டேன். ஓசூரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "அங்கிட்டு வந்துடுச்சு பாரு" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வாள். அதற்குமேல் என்னைப் பற்றிப் பேசுவதெல்லாம் தெலுங்கில் இருக்கும். எல்லோரும் சிரிப்பார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் பெயர் ராஜலட்சுமி. பி.எஸ்சி. தாவரவியல். சொந்த ஊர் சாத்தூர். அப்பா பரமசிவம் ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஆபரேட்டர். பதினெட்டு வருஷம் அறை எடுத்துத் தனியாக இருந்தார். நான் படித்து முடித்த பிறகுதான் அம்மாவும் நானும் வந்து சேர்ந்தோம்.

நான் வேலை பார்த்தது பாகலூர் சாலையில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில். எட்டுக் கணினிகள். அமெரிக்காவில் தங்கள் முன்னோரைத் தேடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக அங்குள்ள பழைய நிலப்பத்திரங்களைப் படித்து, யாருக்கு யார் பிள்ளை, யார் எப்போது வந்து குடியேறினார், எப்போது செத்தார் என்று அறிக்கை எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. பத்திரங்களின் படங்கள் கட்டுக் கட்டாக வரும். எல்லாம் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கையெழுத்து. முதலில் ஒருவர் அதைப் படித்துத் தட்டச்சு செய்வார். அதை வைத்து இன்னொருவர் அறிக்கை எழுதுவார். 2007இல் டாரன்ட் என்பவரைப் பற்றிய வேலை வந்தபோது தட்டச்சு சரிதாவிடமும் அறிக்கை என்னிடமும் வந்தது.

நாங்கள் இருவருமே தற்காலிகம். இந்த வேலை முடிந்ததும் இருவரில் ஒருவரை நிரந்தரமாக்குவேன், மற்றவர் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி ஹரீஷ்குமார் எங்களை உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, இரண்டு பேரும் நல்லாச் செய்யுங்க என்று சிரித்தார்.

அந்த செப்டம்பரோடு அப்பாவுக்கு ஓய்வு. வீட்டைக் காலி செய்துவிட்டு சாத்தூருக்குத் திரும்புவது என்று முடிவாகியிருந்தது. அங்கே அத்தை மகன் ராஜேஷ்குமாருக்கு என்னைக் கட்டிக்கொடுப்பது என்றும். அவரோடு நான் சேர்ந்தாற்போல் ஐந்து வார்த்தை பேசியதில்லை. நான் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்த பிறகு அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். நிரந்தர வேலை என்று எழுத்தில் கொண்டுவந்தால் ஹாஸ்டலில் இருக்கலாம், கல்யாணப் பேச்சை இரண்டு வருஷம் தள்ளிப்போடலாம். கொண்டுவராவிட்டால் ஐப்பசியில் முகூர்த்தம்.

ஏபெல் டாரன்ட் 1746இல் வர்ஜீனியாவில் முந்நூறு ஏக்கர் வாங்கிக் குடியேறியவர். எங்கள் வாடிக்கையாளர் அவர் மகள் வழியில் வந்தவர். 1780இல், சுதந்திரப் போர் நடந்தபோது, அதே வட்டாரத்தில் ஏபெல் டாரன்ட் என்ற பெயரில் ஒருவர் படைக்கு ஓட்ஸ் கொடுத்ததாக ஒரு ரசீது இருந்தது. போருக்கு உதவியவர்களின் வம்சத்தாருக்கு அங்கே ஒரு சங்கம் உண்டு. குடியேறிய ஏபெலும் ஓட்ஸ் கொடுத்த ஏபெலும் ஒரே ஆள் என்று காட்டினால் அவருக்கு அதில் இடம் கிடைக்கும். அதைத்தான் கேட்டிருந்தார்.

நான் காட்டினேன். 1778இல் பக்கத்து நிலம் கைமாறிய பத்திரம் ஒன்று இருந்தது. வடக்கே ஓடை, தெற்கே கற்குவியல், கிழக்கே மின்னல் தாக்கிய வெள்ளை ஓக் மரத்திலிருந்து ஏபெல் டாரன்ட் நிலத்தின் ஓரமாக, என்று எல்லை சொல்லியிருந்தது. ஆகவே 1778இல் ஏபெல் உயிரோடு, அதே நிலத்தில் இருக்கிறார். இரண்டு வருஷம் கழித்து ஓட்ஸ் கொடுத்தவரும் அவரே. ஐந்து பக்கம் எழுதினேன்.

எங்கள் மேற்பார்வையாளர் ஜெகதீஷ் அதைப் படித்துவிட்டுப் புதன்கிழமை காலை, பாட்டனி படித்தவர் எப்படி எழுதியிருக்கிறார் பாருங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். வாடிக்கையாளரிடமும் முந்தின இரவே தொலைபேசியில் நல்ல செய்தி என்று சொல்லிவிட்டாராம். வெள்ளிக்கிழமை மாலை முதலாளி பார்த்துவிட்டு அனுப்புவதாக ஏற்பாடு.

மத்தியானம் சாப்பிடும்போது சரிதா டிபன் டப்பாவைத் திறந்தபடி தமிழிலேயே சொன்னாள்.

"பொணத்த எழுப்பி ஓட்ஸ் மூட்டை தூக்க வெச்சிருக்குது அங்கிட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். நானாக அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"எங்க பத்திரத்துல கிழக்கால கங்கப்பன் நிலம்னு இருக்குது. எங்கப்பா பேருக்கு மாத்தினப்பகூட அதேதான் எழுதினாங்க. கங்கப்பன் செத்து முப்பது வருஷமாச்சு. செக்குபந்தி, அதான் நாலு பக்க எல்லை, எழுதறவன் என்ன, நிலத்துல போயி நின்னு பாத்தா எழுதறான்? பழைய பத்திரத்தப் பாத்து அப்பிடியே எறக்குவான். இப்ப கிழக்கால என்னா இருக்குது தெரியுமா? உங்கப்பன் வேலை செய்யற கம்பெனி காம்பவுண்டு சுவரு."

சாம்பாரைச் சோற்றில் ஊற்றினாள்.

"நாலு சென்ட் நெலம் இருந்தாத்தான இதெல்லாம் தெரியும்."

அவள் சொன்னது உண்மை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நிலம் இருந்ததில்லை. அந்த அலுவலகத்துக்கு வருமுன் நான் ஒரு பத்திரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. கல்லூரியில் செடிகளை உலர்த்தி அட்டையில் ஒட்டுவோம். எங்கே, எந்த நாள், யார் பறித்தது என்று கீழே எழுதுவோம். அங்கே போய் நின்றவர்தான் எழுதலாம். பத்திரத்தையும் நான் அப்படித்தான் படித்திருந்தேன். தேதி போட்ட தாளில் ஒரு பெயர் இருந்தால் அந்தத் தேதியில் அந்த ஆள் அங்கே இருந்தார் என்று.

ஜெகதீஷிடம் போய்ச் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதெல்லாம் இங்கே சூளகிரி, பேரிகைப் பக்கம் நடக்கும், வெள்ளைக்காரன் சங்கிலி பிடித்து அளந்து எழுதினவன் என்றார். பிறகு, எழுதியாகிவிட்டது, இனிமேல் கையை வைக்காதே என்றார்.

ஆனால் முதலாளி போன வருஷம் ஒரு தவறான அறிக்கையால் பெரிய வாடிக்கையாளரை இழந்திருந்தார். இன்னொரு தடவை அப்படி வந்தால் எல்லோரும் கீழே போய் டயர் விற்கலாம் என்பார். அறிக்கையில் என் பெயர் இருந்தது.

அன்று சாயங்காலம் 1778 பத்திரத்தை அதே நிலத்தின் 1752 பத்திரத்தோடு வைத்துப் பார்த்தேன். எல்லை ஒரு சொல் மாறாமல் அப்படியே இருந்தது. 1766இல் அந்தப் பக்கம் அளந்த குறிப்பு ஒன்றும் கிடைத்தது. அதில் 'வெள்ளை ஓக் முன்பு இருந்த இடத்தில் நட்ட முளைக்குச்சி' என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு வருஷம் முன்னாலேயே விழுந்துபோன மரத்தைத்தான் 1778இல் எல்லை என்று எழுதியிருக்கிறார்கள். மரத்துக்கு அப்படியென்றால் ஆளுக்கும் அப்படி இருக்கலாம். ஆனால் இருக்கலாம் என்பதை அறிக்கையில் எழுத முடியாது.

வியாழக்கிழமை காலையிலிருந்து சரிதா தட்டச்சு செய்த கட்டுகளை முதலிலிருந்து படித்தேன். முதலில் எழுதியபோதுபோல் அவள் போட்ட பெயர்ப் பட்டியலை நம்பாமல், ஒவ்வொரு பத்திரமாக. ஏறக்குறைய நானூறு. பக்கத்து மேசையில் அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டு பார்த்தாள்.

நாற்பத்தொன்றாம் கட்டில் அது இருந்தது. 1759. ஹன்னா கோல் என்ற பெண் ஒரு நிலத்தில் தனக்குள்ள மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறாள். கணவன் இறந்தால் மனைவிக்கு அங்கே மூன்றில் ஒரு பங்கு ஆயுள் வரைக்கும். நீதிபதிகள் அவளைப் புதுக் கணவனிடமிருந்து தனியே அழைத்துப்போய், மனசார எழுதிக்கொடுக்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்றிருக்கிறாள். அவள் யார் என்றும் எழுதியிருந்தது. 'காலஞ்சென்ற ஏபெல் டாரன்டின் மனைவியாயிருந்தவள்.'

அவர் செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகுதான் நான் அவரை ஓட்ஸ் கொடுக்க வைத்திருந்தேன்.

பட்டியலில் அந்தப் பத்திரம் கோல் என்ற பெயரில் இருந்தது. அது விதிப்படி சரி. எழுதிக்கொடுத்தவரின் பெயரில்தான் பதிய வேண்டும். ஆனால் பக்கத்தில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. தேடுகிற ஆளின் பெயர் பத்திரத்துக்குள் எங்கே வந்தாலும் அதில் எழுதுவது வழக்கம். மற்ற எல்லாக் கட்டுகளிலும் சரிதா எழுதியிருந்தாள். இதில் மட்டும் காலி. அவள் அதைத் தட்டச்சு செய்த தேதி ஆகஸ்ட் ஆறு. நான் அறிக்கையைத் தொடங்கியது பதின்மூன்றாம் தேதி.

அச்செடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவள் மாடிப்படியில் நின்றிருந்தாள்.

"எந்தக் கட்டு?"

"நாப்பத்தொண்ணு."

கீழே டயர் கடையைப் பார்த்தாள். "என் வேல டைப் அடிக்கறது. முடிவு எழுதறது நீ. குறிப்பு எழுதணும்னு எங்கயும் ரூல் இல்ல."

நான் அச்சுத்தாளை மடித்துக்கொண்டேன்.

"சரி. நீயே கண்டுபிடிச்சதா எழுதிக்க. நான் அடிச்ச தேதிய மட்டும் போடாத."

படியில் நின்றபடியே மற்றதையும் சொன்னாள். இரக்கம் கேட்கிற குரலில் இல்லை, திட்டுகிற குரலில்தான் சொன்னாள். கம்பெனிக்கு நிலம் எடுத்தபோது அவள் அப்பா திம்மராயனுக்கு மூன்று ஏக்கர் போனது. வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். அவள் அண்ணன் ஐடிஐ முடித்துவிட்டுப் போய் நின்றான். கேட்டில் காவல்காரனாக வைத்தார்கள். உள்ளே மெஷினில் வெளியூர் ஆட்கள்.

"தெனமும் உங்கப்பன் பையத் தொறந்து பாத்து உள்ள விடறது எங்கண்ணன்தான். உனக்குத் தெரியாதுல்ல? இந்த வேலையும் உனக்குத்தான் வேணுமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். படிவத்தில் தேதிக்குக் கட்டம் இருக்கிறது என்றேன்.

"காலியா உடு. நான் உடல?"

உள்ளே போய் அறிக்கையைப் புதிதாக எழுதினேன். குடியேறிய ஏபெல் 1759க்கு முன் இறந்தார், 1780இல் ஓட்ஸ் கொடுத்தவர் வேறொருவர், வாடிக்கையாளர் கேட்ட உறவுக்கு ஆதாரம் இல்லை. இரண்டு பக்கம்தான் வந்தது. ஆதாரப் பட்டியலில் தட்டச்சுத் தேதிக்கான கட்டம் கட்டாயம் இல்லை. எல்லோரும் காலியாகத்தான் விடுவார்கள். நான் 6-8-2007 என்று எழுதினேன். தட்டச்சு செய்தவர், சரிதா. குறிப்பு, இல்லை. ஆய்வுக்கூடப் பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெகதீஷ் வருவதற்கு முன் முதலாளியின் மேசையில் நேரே வைத்தேன். அவர் நின்றபடியே படித்தார். முதலில் ஜெகதீஷைக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கன்னடத்தில் சத்தம் போட்டார். பிறகு சரிதாவைக் கூப்பிட்டார். பதினேழு நாள் என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது, ஆகஸ்ட் ஆறிலிருந்து அவள் அதைச் சொல்லாமல் வைத்திருந்த கணக்கு. அவள் என்ன பதில் சொன்னாள் என்று தெரியவில்லை. வெளியே வந்து டிபன் டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். என் மேசையைத் தாண்டும்போது என் நாற்காலியைக் காலால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போனாள். மேசை விளிம்பில் என் முழங்கை இடித்தது.

வாடிக்கையாளர் முதலில் கோபமாக எழுதினார். நான்கு நாள் கழித்து, அப்படியானால் ஓட்ஸ் கொடுத்தவர் யார் என்று தேடிச் சொல்லுங்கள் என்று எழுதினார். ஜெகதீஷ் அதற்குப் பிறகு என்னோடு நேரில் பேசுவதை விட்டுவிட்டார். சொல்ல வேண்டியதைத் துண்டுத்தாளில் எழுதி மேசையில் வைத்தார். மங்கிய படங்களும் பூச்சி தின்ற படங்களும் எனக்கே வந்தன.

நிரந்தர உத்தரவை அப்பா இரண்டு தடவை படித்தார். சரி என்றார். அம்மா அத்தைக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, நான் ஹாஸ்டலுக்குப் போகும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டில் நிற்கிறவரைப் பற்றி அப்பாவிடம் நான் கேட்கவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, சரிதாவின் கட்டுகளை முழுக்கச் சரிபார்க்கச் சொன்னார். ஒன்றை மறைத்தவள் இன்னும் எத்தனையில் என்ன செய்திருக்கிறாளோ என்றார். எனக்கும் அப்படி ஏதாவது கிடைக்க வேண்டியிருந்தது. ஒன்பது நாள் உட்கார்ந்தேன். படத்தை ஒரு பக்கமும் அவள் எழுதியதை ஒரு பக்கமும் வைத்து, சொல் சொல்லாக. பழைய கையெழுத்தில் எல்லோரும் ஏமாறுகிற எழுத்துகளில் அவள் ஏமாறவில்லை. நான் படிக்க முடியவில்லை என்று விட்டிருக்கக்கூடிய ஒரு மைக்கறையை, அதே எழுத்தர் அடுத்த பத்திரத்தில் எழுதியதை வைத்துப் படித்திருந்தாள். ஏக்கர் கணக்கு ஒவ்வொன்றும் சரி. மரங்களின் பெயர்கள் எல்லாம் சரி.

பத்தாம் நாள் முதலாளி எத்தனை தவறு என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணுகூடவா? நல்லாப் பாத்தியாம்மா?"

"நல்லாத் தேடினேன் சார்" என்றேன்.