மில் லைன் சுவரில் இருந்த இருமல்

கோதண்டராமன் செத்துப் பல வருஷம் ஆகியும் அவருடைய இருமல் வீட்டைவிட்டுப் போகவில்லை. திருவண்ணாமலையில் நூல் மில்காரர்கள் தொழிலாளிகளுக்காகக் கட்டிய லைன் வீடு அது; இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். அவர் கட்டில் கிடந்த பக்கத்துச் சுவருக்குள்ளிருந்து, ஷிப்டு மாறும் நேரத்தில், அதே வறட்டு இருமல் வரும், கடைசியில் ஒரு இழுப்போடு. அவர் சாவதற்கு வெகுகாலம் முன்பே மில்லை மூடியிருந்தார்கள். லைனில் யாரும் பயப்படவில்லை. மில் ஓடிய காலத்தில், தொண்டையில் படிந்த பஞ்சு இறங்க ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுப்பார்கள். அந்த வழக்கப்படி அவர் மனைவி தனம் சுவர் மாடத்தில் ஒரு கட்டி வைப்பாள், இருமல் அடங்கும். வெல்லமும் காணாமல் போகும். எறும்பு என்பார்கள், அந்த வீட்டில் எறும்பே கிடையாது. அவள் மறந்துபோனால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வெள்ளையம்மாள் கத்துவாள்: "தனம், உன் வூட்டுக்காரரு இன்னிக்கு ஜாஸ்தியா இருமுறாரு. வெல்லம் வெச்சியா இல்லியா?"

இடத்தை வாங்கியவர் பௌர்ணமிக் கூட்டத்தை நம்பி லாட்ஜ் கட்டக் கிளம்பினார். வெள்ளையம்மாள் உட்பட எல்லோரும் காலி செய்தார்கள். தனம் நகரவில்லை. மகன் இளவரசன் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டுக் கெஞ்சினான்.

"செங்கம் ரோட்டுல வூடு பாத்துட்டேம்மா. வெறும் சத்தத்துக்காக இங்கியே கெடப்பியா?"

"சொவத்த இடிச்சிட்டா அவரு எங்கடா போவாரு?"

ஜேசிபி வந்த காலையில் தனம் மாடத்தில் கடைசி வெல்லத்தை வைத்துவிட்டு வெளியே வந்தாள். அப்பாவின் கட்டிலை எடுக்க உள்ளே போன இளவரசன், சுவர் சரியும்போதுதான் அதை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். தலையெல்லாம் செம்மண், அதற்கு மேலே வெள்ளையாகப் பஞ்சு. வீடு இடிந்தால் தூசி பறக்கத்தான் செய்யும் என்று தட்டிவிட்டார்கள்.

புது வீட்டில் தனம் ஒவ்வொரு சுவரிலும் காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. புருஷன் செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை.

தீபம் முடிந்த வாரம், சாப்பிட்டுக்கொண்டிருந்த இளவரசன் இருமினான். அதே வறட்டு இருமல், அதே இழுப்பு. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், எத்தனை வருஷமாக மில்லில் வேலை என்று கேட்டார். அவன் மில்லுக்குள் கால் வைத்ததே இல்லை. தனம் பயந்துபோனாள். கூடவே, வெளியே சொல்ல வெட்கம், சந்தோஷமும் வந்தது.

இப்போது ஷிப்டு மாறும் நேரத்தில் இளவரசன் சவாரி ஏற்றுவதில்லை. வண்டியை ஓரங்கட்டி, அம்மா கொடுத்தனுப்பிய வெல்லத்தை வாயில் போட்டுக்கொள்கிறான். அவசரப்படுகிறவர்களிடம், "அப்பா இருமுறாருங்க, கொஞ்சம் இருங்க" என்கிறான். ஜனங்களும் நிற்கிறார்கள்.