தேய்ந்த இடம்

தங்கையின் ஷூவை நான் திருப்பிப் பார்த்தது தற்செயல் இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கிடக்கிற செருப்பையெல்லாம் காலால் புரட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. தொழில் அப்படி.

ஓடுகிறவர்களுக்கான ஷூ மட்டும் விற்கிற கடையில் வேலை செய்கிறேன். வருகிறவரிடம் முதல் கேள்வி ஒன்றுதான். எந்தத் தரையில் ஓடுவீர்கள்? தார் ரோட்டில் நெடுந்தூரம் என்றால் அடியில் தடித்த மெத்தை வேண்டும். மலைப்பாதை என்றால் மண்ணைக் கவ்வ அடியில் பல் வேண்டும். ஜிம்மில் மெஷின் மேல் ஓடுகிறவருக்கு மெல்லிய மேல்துணி இருந்தால் போதும், கால் வேகாது. மைதானத்தில் இரண்டு சுற்று வேகமாக ஓடுகிறவருக்கு மெத்தை ஆகாது. தட்டையாக, கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி இருக்க வேண்டும்.

கேள்விக்கு வருகிற பதிலில் பாதி பொய். மலையில் ஓடுவேன் என்று பல் வைத்த ஷூ வாங்கிப் போன வங்கி மேனேஜர் மூன்று மாதத்தில் சண்டைக்கு வந்தார். பல்லெல்லாம் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. "எந்த மலை சார்?" என்று கேட்டேன். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் என்று ஒப்புக்கொள்ளப் பத்து நிமிடம் பிடித்தது.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன் நான்கு வருடம் ஒரு கிடங்கில் நைட் ஷிப்ட் பார்த்தேன். பன்னிரண்டு கேமராத் திரைகளில் யாரும் வராத வாசல்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் பாதியில் எழுந்து வெளியே வந்தவன் திரும்பப் போகவில்லை. வேலை போய்விட்டது, சந்தேகம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

வீட்டில் மூன்று பேர். நான், மருந்துக்கடையில் பில் போடுகிற தங்கை, அப்பா. அப்பா லாரி ஓட்டியவர். பத்து மாதத்துக்கு முன் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் முடிந்து, நான்கு கால் வைத்த வாக்கரைக் கையில் கொடுத்து நடக்கச் சொன்னார் டாக்டர். அப்பா கட்டிலிலிருந்து கழிவறை வரைக்கும்தான் நடந்தார், அதுவும் ஒருவர் பிடித்துக்கொண்டால். காலையில் தங்கை பார்த்துக்கொள்வாள். இரவில் நான். பகலில் மேஜைமேல் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு இருவரும் வேலைக்குப் போவோம்; பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்ப்பார்.

ஐந்து வாரத்துக்கு முன் தங்கை கடைக்கே வந்தாள்.

"சுகர் எல்லையில இருக்காம். டாக்டர் ஓடச் சொல்லிட்டார். கால்வாய்க்கரை ரோட்டுல மெதுவா ஓடப் போறேன். நல்ல ஷூவா கொடு."

கடையிலேயே தடித்த மெத்தை உள்ளதைக் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் ஐந்தரைக்கு அவள் கிளம்பிவிட, காலை வேலை என் தலையில் விழுந்தது. அப்பாவை எழுப்பு, பிடி, உட்கார வை, துடை.

இப்போது ஷூ என் கையில் இருந்தது. மெதுவாக ஓடுகிறவருக்குக் குதிகாலின் வெளி ஓரம்தான் முதலில் தேயும். இதில் குதிகால் புத்தம் புதிதாக இருந்தது. பெருவிரலுக்குக் கீழே தேய்ந்திருந்தது. மெதுவாக ஓடுகிறவளுக்கு அங்கே தேயாது. அடிப் பள்ளங்களில் கால்வாய்க்கரைச் சேறு ஒரு பொட்டுகூட இல்லை. குண்டூசியால் குடைந்தேன். சிவப்பு ரப்பர்த் துகள் உதிர்ந்தது. இந்த ஊரில் சிவப்பு ரப்பர்த் தரை விளையாட்டு மைதானத்தில் மட்டும்தான் இருக்கிறது.

"இன்னிக்கு எங்க ஓடினே?" என்றேன்.

"எங்க ஓடுவேன்? கால்வாய்க்கரைதான்." சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்.

"கூட்டமா?"

"நாய்ங்கதான் கூட்டம். ஏன், நீயும் வரியா?"

அவள் போனதும் அப்பா கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். "டேய், ஒரு பொண்ணு விடியறதுக்குள்ள ஓடிப் பழகறான்னா எதுக்குன்னு தெரியாதா? ஒருநாள் எவன்கூடவாவது ஓடத்தான்." இருமல் வரும்வரை சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போய்விட்டால் இந்த ஆளோடு நான் மட்டும். காலையும் நான், இரவும் நான். நைட் ஷிப்டிலிருந்தாவது எழுந்து வர முடிந்தது.

மறுநாள் அவள் கிளம்பிக் கால் மணி நேரம் கழித்து அப்பாவிடம், "அரை மணி நேரம் அசையாம படு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

"அசையறதுக்கு நான் என்ன ரயிலா? போடா," என்றார்.

மைதானத்தின் படிகளில் ஏறி நின்றேன். ஏழெட்டுப் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் இருபது வயதுதான் இருக்கும், என் தங்கையைத் தவிர. ஓரத்தில் கழுத்தில் விசிலோடு ஒரு ஆள். நான் அவனைத்தான் பார்த்தேன். அவன் அவளைப் பார்க்கிறானா, எப்படிப் பார்க்கிறான், பக்கத்தில் போகிறானா. கேமராவில் பார்த்த மாதிரியே பார்த்தேன். அவன் கையிலிருந்த ஸ்டாப்வாட்சைத்தான் அதிகம் பார்த்தான்.

"கடைசி இருநூறு! செத்தா போயிடுவே? ஓடு!" என்று கத்தினான். கோட்டைத் தாண்டி அவள் குனிந்து மூச்சு வாங்கும்போது வாட்சை நீட்டினான். "மூணு முப்பத்திமூணு. அந்த மூணு செகண்டை எங்க தொலைச்சே?"

அப்புறம் அவள் காலைப் பார்த்தான். "இதென்ன, தலையணையைக் கால்ல கட்டிக்கிட்டு ஓடறியா? எந்த மடையன் இதை உனக்கு வித்தான்?"

"எங்கண்ணன்தான் சார்."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நிமிர்ந்தபோது படியில் நின்ற என்னைப் பார்த்தாள்.

படிச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசை அதற்குள் படித்திருந்தேன். தீயணைப்புத் துறைக்குப் பெண்கள் தேர்வு. எண்ணூறு மீட்டரை மூன்றரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ஆணி வைத்த ஷூ கூடாது. வயது இருபத்தெட்டுக்கு மேல் கூடாது. இரண்டு மாதத்தில் அவளுக்கு இருபத்தொன்பது. தேர்வுக்கு ஒன்பது நாள்.

வீடுவரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம்.

"உளவு பாக்க வந்தியா?"

"சுகருக்கு இப்பல்லாம் விசில் ஊதித்தான் வைத்தியம் பாக்கறாங்களா?"

அவள் நடையை எட்டிப் போட்டாள்.

"தேறிட்டா?" என்றேன்.

"வெளியூர்ல ஒன்பது மாசம் பயிற்சி. அப்புறம் எங்க போடறாங்களோ அங்க."

"அப்பா?"

"இதோ. இந்தக் கேள்வி வரும்னுதான் சொல்லலை."

"வேற என்ன கேக்கணும்?"

"ஜெயிப்பியான்னு கேட்டிருக்கலாம்." பத்தடி தள்ளிப் போய் நின்று திரும்பினாள். "நீ வேணும்னேதான் இதைக் கொடுத்தியா?" காலைத் தூக்கிக் காட்டினாள்.

"கால்வாய்க்கரைன்னு நீதான் சொன்னே. கால்வாய்க்கரைக்கு இதைவிட நல்ல ஷூ கிடையாது."

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா கட்டிலில் சாய்ந்து அன்றைய பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீடு மாடியில்; பேப்பர்க்காரன் கீழே படிக்கட்டோரம் எறிந்துவிட்டுப் போவான். பக்கத்து வீட்டு அம்மா எடுத்துக் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். தங்கைமேல் இருந்த கோபத்தில் அதற்கு மேல் நினைக்கவில்லை.

அன்று மத்தியானம் கடையின் பின்னறையில் இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டிலும் மைதானத்தில் ஓடுவதற்கான தட்டை ஷூ, அளவு மட்டும் வேறு. எடை பழையதில் பாதிதான். எண்ணூறு மீட்டரில் மூன்று நொடி, கால் நன்றாக இருந்தால் நான்கு நொடி மிச்சமாகும். அவளுக்கு வலது கால் ஆறு, இடது கால் ஆறரை. ஆறரை கொடுத்தால் ஓடிவிடுவாள். ஆறு கொடுத்தால் கடைக்குள் நடந்து பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. இரண்டாம் சுற்றில் இடது கட்டைவிரல் முன்பக்கம் இடிக்க ஆரம்பிக்கும், மூன்று நொடி அங்கேயே போய்விடும். யாருக்கும் தெரியாது. அவள் என்னோடு இருப்பாள்.

ஆறைத்தான் முதலில் பையில் போட்டேன். சாயந்திரம் வரை பை அப்படியே இருந்தது. கிளம்பும்போது மாற்றிவிட்டேன். பாசத்தால் என்று சொல்லிக்கொள்ளலாம். அது இல்லை. கடைக்கு வந்த இரண்டு வருடத்தில் ஒருவருக்கும் தெரிந்தே தப்பான அளவு கொடுத்ததில்லை. கை வரவில்லை, அவ்வளவுதான்.

தங்கை பெட்டியைத் திறக்காமல் என் முகத்தையே பார்த்தாள்.

"புது ஷூ போட்டுப் போட்டிக்குப் போகாதீங்க, கொப்புளம் வரும்னு கஸ்டமர்கிட்ட சொல்லுவியே."

"நாளைக்கே போட்டிங்கறவங்களுக்குச் சொல்றது. உனக்கு ஒன்பது நாள் இருக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் இதைப் போடு. தினமும் போட்டா கெண்டைக்கால் பிடிச்சுக்கும். மத்த நாள் தலையணையைக் கட்டிக்கிட்டு ஓடு."

"இவ்வளவு அக்கறை எப்பலருந்து?"

"விசில் என்னை மடையன்னு சொன்னதுலருந்து."

இரண்டு நாள் கழித்து அதே தெருவில் எதிர்க்கடையில் ஷூ விற்கிற மொட்டை வந்தான். மொட்டைக்கு என்னைக் குத்திக் காட்டக் காரணம் கிடைத்தால் சாப்பாடே வேண்டாம்.

"மச்சான், உன் தங்கச்சி நம்ம கடைக்கு வந்துச்சு. நீ கொடுத்த ஷூவைக் காட்டி, இது ஓட்டத்துக்குச் சரியா, அளவு சரியா, உள்ள ஏதாவது கோளாறு இருக்கான்னு கேட்டுச்சு. என்னடா குடும்பம் இது? சொந்த அண்ணன் விக்கற ஷூவுக்கு வெளியில ஸ்கேன் எடுக்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"இதைவிடச் சரியா நானே எடுத்துக் கொடுத்திருக்க மாட்டேன்னு சொன்னேன். உடனே அதுக்கு முகம் விழுந்துபோச்சு. அதான் எனக்கும் புரியலை."

எனக்கும் புரியவில்லை. நான் அவளிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. காலையில் எந்த ஜோடியைப் போட்டுப் போகிறாள் என்று மட்டும் பார்த்தேன். நான் சொன்ன முறை தப்பாமல்தான் போட்டாள். அப்போதும் கிளம்புமுன் இடது ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் காலை நுழைத்தாள். கல்லைத் தேடினாளோ, என்னைத் தேடினாளோ.

தேர்வன்று நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு அப்பாவோடு இருந்தேன். தேர்வு விஷயம் அதற்குள் அப்பாவுக்கும் தெரிந்திருந்தது; அன்று மணியை ஐந்து தடவை கேட்டார். நான் அடுப்பில் பால் வைத்துவிட்டுத் திரும்பியபோது ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "பிடிடா, பிடிடா, விழறேன்," என்றார். பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தேன்.

பதினொரு மணிக்கு அவள் வந்தாள். முட்டியில் சிவப்புத் தூசி. யாரையும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து லேசை அவிழ்த்தாள்.

"மூணு இருபத்தொன்பது," என்றாள்.

ஒரு நொடி மிச்சம்.

"அப்ப நிஜமாவே ஓடிப்போறா," என்றார் அப்பா. இந்தத் தடவை அவரும் சிரிக்கவில்லை.

"மொட்டைகிட்டப் போய்க் கேட்டேன்," என்றாள் அவள் என்னிடம்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கலை?"

"உன் ஷூவை நான் குண்டூசியால குடைஞ்சேன். எந்த முகத்தோட கேக்கறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரியான ஷூன்னு அவன் சொன்னதும் எனக்குப் பயம் வந்துடுச்சு. தோத்தா உன் மேல பழியைப் போட்டுக்கலாம்னு இருந்தேன். அதையும் கெடுத்துட்டே."

ஏழு வாரத்தில் ஆர்டர் வந்தது. அவள் போனாள். தட்டை ஷூவை எடுத்துக்கொண்டாள். தலையணை ஜோடி வாசலிலேயே கிடந்தது. புதுசான குதிகால், தேய்ந்த முன்பக்கம். யார் காலுக்கும் ஆகாது, வீசவும் இல்லை.

மறுநாள் ஐந்தரைக்கு அப்பா கூப்பிட்டார். இனி காலையும் நான், இரவும் நான் என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன். வாக்கரைக் கட்டிலருகே இழுத்தேன். அது தரையில் கறகறவென்று சத்தம் போட்டது. இரும்பு உரசுகிற சத்தம். பழக்கதோஷத்தில் திருப்பிப் பார்த்தேன். இத்தனை மாதமாக இந்த வீட்டில் நான் திருப்பிப் பார்க்காத ஒரே அடிப்பாகம் அதுதான்.

நான்கு காலிலும் மாட்டியிருந்த ரப்பர்க் குமிழ்கள் ஆஸ்பத்திரியில் கொடுத்தவை. கட்டிலிலிருந்து கழிவறைக்கு ஒன்பது தப்படி. அதற்கு அவை பத்து வருடம் உழைக்கும். முன்கால் இரண்டிலும் ரப்பர் தேய்ந்து இரும்பு வெளியே தெரிந்தது. பின்கால் குமிழில் சிமென்ட் தூசி. ஒரு மூலையில் மணி மாதிரி ஒட்டிக் காய்ந்திருந்தது தார்.

பேப்பர் நினைவுக்கு வந்தது. ஜன்னல் நினைவுக்கு வந்தது.

வாக்கரைக் கவிழ்த்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"எந்தத் தரையில நடக்கறே?" என்றேன்.

"என்னடா?"

"தரை. எங்கெங்க நடக்கறேன்னு சரியா சொன்னாத்தான் சரியான ரப்பர் வாங்க முடியும். இதோட நடந்தா வழுக்கி அடுத்த இடுப்பும் போயிடும்."

அப்பா சுவரைப் பார்த்தார். "ஹால்ல."

"அப்புறம்?"

"படியில. ஒரு கையில கைப்பிடி, ஒரு கையில இது. பேப்பர் எடுக்கத்தான்."

"இதுல தார் இருக்கு."

தாரை நகத்தால் சுரண்டினார். "தெரு முக்குக் கடை வரைக்கும்."

"எங்ககிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா ரெண்டு பேரும் போயிடுவீங்க." என்னை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லாமலே ஒருத்தி போயிட்டா."

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துக் குமிழின் அகலத்தை அளந்தேன்.

"முக்குக் கடைக்கு எப்பவாவதா, தினமுமா?"

"எப்பவாவது."

தேய்ந்த காலை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

"தினமும்," என்றார்.