கத்திரி வெயிலில் பனி பிடித்த கார்

1999ஆம் வருஷம் கத்திரி வெயில் தொடங்கிய மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, மண்ணூர்பேட்டையில் ஒரு வெள்ளைக் காருக்குள் பனி பெய்தது. அன்று வெங்காயம் கிலோ ஒன்பது ரூபாய். தொழிற்பேட்டை எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்திருந்தார்கள். காரின் சொந்தக்காரர் திருவேங்கடம் சீட்டில் இரண்டு விரல்கடை படிந்திருந்த பனியைக் கையால் தள்ளிவிட்டு உட்கார்ந்து, ஈர வேட்டியோடு பத்திர ஆபீசுக்குப் போய்வந்தார்.

பனிக்குக் காரணம் மெக்கானிக் வேம்புலி. அவன் அப்பா, திருவேங்கடத்தின் அப்பா நிலத்தில் ஏர் ஓட்டியவர். நிலம் எஸ்டேட்டுக்குப் போய் மிச்சமிருந்த மூலையில் தகரம் போட்டு வேம்புலி ஷெட் வைத்தான். ஆக, அப்பா நின்ற இடத்தில்தான் மகனும் நின்றான். சேற்றுக்குப் பதில் ஆயில், அவ்வளவுதான் முன்னேற்றம். எஞ்சினுக்குள் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரின் ஸ்க்ரூவைத் திருப்பிக் கலவை வைப்பதில், எண்பதுகளில் ஆவடியிலிருந்து பூந்தமல்லிவரை அவனுக்கு ஈடு கிடையாது. புகைக்குழாயின் கரியை நாக்கில் வைத்துப் பார்ப்பான். புளித்தால் பெட்ரோல் அதிகம், துவர்த்தால் காற்று அதிகம். பதினாறு வருஷம் கரி தின்றதில் சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பது அவனுக்குத் தெரியாமல் போயிற்று. அவன் மனைவி பஞ்சவர்ணம் இந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டாள்.

1998 கார்த்திகையில் திருவேங்கடம் வாங்கிய காரில் ஸ்க்ரூ இல்லை. கலவையை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி பார்த்துக்கொண்டது. மைலேஜ் நன்றாகக் காட்ட வேண்டும் என்பதற்காக அதைச் செய்தவர்கள் பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக அளந்துவைத்திருந்தார்கள். ஏ.சி. போட்டால் வண்டி ரயில்வே மேம்பாலம் ஏறவில்லை. கார் விற்ற இடத்தில் கேட்டதற்கு, அது அப்படித்தான் என்று டை கட்டிய ஒருவர் விளக்கினார். திருவேங்கடம் நேரே ஷெட்டுக்கு வந்தார்.

"இத்த இழுக்க வச்சிட்டேன்னா ஷெட்டு ஆயுசுக்கும் உனுக்குத்தான், எழுதியே குடுக்கறேன். இல்லாட்டி சித்திரையோட காலி பண்ணிடு. எஸ்.டி.டி. பூத்து வைக்கணும்னு ஒருத்தன் கேட்டுகினே கீறான்."

"சரி நைனா," என்றான் வேம்புலி. வேறு என்ன சொல்ல முடியும்.

எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தத்தை அவன் கூட்டினான். புகைக்குழாயில் செருகியிருந்த சென்சார் மோப்பம் பிடித்துச் சொல்ல, கம்ப்யூட்டர் மறுநாளே பெட்ரோலைக் குறைத்தது. அவன் நாக்கால் செய்த வேலையை, கட்டைவிரல் அளவு இரும்பு கரி தின்னாமலே செய்தது. அவன் கூட்ட, அது குறைக்க, நாற்பத்தேழு நாள் போயிற்று.

"இன்னா மாமே, பொட்டி உனுக்குப் பாடம் நடத்துதா?" என்றான் எதிர் டீக்கடை நாகேந்திரன்.

"நடத்தட்டும். பத்தாவது மூணு தபா எழுதுனவன்தான நானு."

பங்குனியில் ஒரு விஷயம் அவனுக்குப் பிடிபட்டது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை கம்ப்யூட்டர் தானாகவே பெட்ரோலைத் தாராளமாக விடும்; சூடேறிய பிறகுதான் திருத்தும் வேலையில் இறங்கும். எனவே அதனிடம் பொய் சொல்ல வேண்டும். சூடு எவ்வளவு என்று சொல்லும் வயரின் நடுவே, ரேடியோவில் போடும் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்துப் பற்றவைத்தான். எஞ்சின் எவ்வளவு கொதித்தாலும் கம்ப்யூட்டருக்கு அது மார்கழி. வண்டி ஏ.சி.யோடு மேம்பாலத்தைத் தாவி ஏறியது. திருவேங்கடம் வாக்கு தவறாதவர். முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் கண்ணாடியில் பனிமூட்டம் படிந்தது. பிறகு ஸ்டியரிங்கில் பனித்துளி. கத்திரியில் பனியே பெய்தது. கம்ப்யூட்டர் தன்னிடம் சொல்லப்பட்டதை நம்பி, மற்றதையெல்லாம் அதற்கு ஏற்பத் திருத்திவிட்டது. திருவேங்கடத்துக்குக் குளிரில் பல் தந்தியடிக்க ஆரம்பித்ததும், சாவியை ஷெட்டில் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போனார்.

வைகாசியில் அவருடைய அம்மா கெங்கம்மாள் இறந்தாள். பேரன் மஸ்கட்டிலிருந்து வந்தால்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். எஸ்டேட்டில் ஐஸ் கிடைக்கவில்லை. பிணத்தைக் காரின் பின்சீட்டில் சாய்த்து எஞ்சினை ஓடவிட்டார்கள். உயிரோடு இருந்தவரை வேம்புலிக்குத் தனி டம்ளரில் தண்ணீர் கொடுத்தவள் அவள். மூன்று நாளும் அவளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவன் வேம்புலிதான். சொந்தக்காரர்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. பேரன் வந்து பார்த்தபோது பாட்டி சந்தனம் மாதிரி இருந்தாள்.

பிறகு துபாய்க்கும் சவூதிக்கும் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளிலிருந்தெல்லாம் பிணத்தோடு வந்தார்கள். ஐயப்பன்தாங்கலிலிருந்து கூட வந்தார்கள். எஞ்சின் துளி நடுக்கமில்லாமல் ஓடியது. "சவுண்ட கேட்டியா?" என்று வேம்புலி ஒருவரிடம் கேட்டான். "பெட்ரோல் தீந்துடாம பாத்துக்கோ அண்ணாத்தே, அப்பா வீங்கிடுவாரு," என்றார் அவர். பிணம் கிடக்கும் ஷெட்டுக்கு ரிப்பேருக்கென்று யாரும் வண்டி கொண்டுவரவில்லை. வெட்டிப்போட்ட மாதிரி நின்றது தொழில்.

"தெனிக்கும் தல முழுவிட்டு ஊட்டுக்கு வர பொழப்பு ஒரு பொழப்பா? புடுங்கிப் போடு அத்த," என்றாள் பஞ்சவர்ணம்.

ஐப்பசியில் அவன் ரெசிஸ்டரைப் பிடுங்கினான். சாயங்காலம்வரை காரில் வெயில் அடித்தது. மறுநாள் காலை டீ வருவதற்குள் கம்ப்யூட்டர் குளிரைப் பழையபடி கொண்டுவந்திருந்தது. ஆறு மாதமாகக் கேட்ட பொய்யை அது பாடமாக ஏற்றுக்கொண்டு, இப்போது உண்மையைப் பிழையென்று திருத்தியது. பேட்டரியைக் கழற்றி மாட்டினான், மறுபடியும் திருத்தியது. மூன்றாம் முறை அவன் முயலவில்லை.

பிணம் இல்லாத ஒரு நாளில் பஞ்சவர்ணம் முன்சீட்டில் தோசை மாவை வைத்துப் பார்த்தாள். ஐந்து நாளாகியும் புளிக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் அவர்களும் மாவுத் தூக்கோடு வந்து, பின்சீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, முன்சீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள்.