மீன் தொட்டியும் மெயின் சுவிட்சும்

தையல்காரிக்கு அன்று காலையிலிருந்து வேலையே ஓடவில்லை. ஒரு சட்டைக்குக் கை மாட்டுவதற்குள் நூல் மூன்று தடவை அறுந்தது. எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். எல்லாம் அந்த வலது கை ஆள்காட்டி விரலால் வந்த வினை. ஊசி குத்திக் குத்திச் சல்லடையாகிப்போன விரல் அது. முந்தின நாள் தீனி டப்பாவின் மூடி மீன் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. எடுக்கலாம் என்று விரலை விட்டாள், சுருக்கென்று ஏறியது. ஊசி குத்தினால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? இது வேறு.

வீட்டுக்காரர் தச்சர். இழைப்புளி பிடித்துப் பிடித்து உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அவரும் கையை விட்டுப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. உனக்குத்தான் எதுக்கெடுத்தாலும் சுருக்குன்னு ஏறும்" என்று சிரித்தார். அதோடு விட்டாரா? "தண்ணியில கரண்டு இருந்தா மொதல்ல மீன்தானே சாகணும்? நாலும் ஜோரா நீஞ்சுது பாரு!"

மீன்கள் நீந்தத்தான் செய்தன.

விடிந்ததும் தெருமுனை எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டாள்.

"மீன் என்ன தரையிலயாம்மா நிக்குது? நாமதான் நிக்கிறோம். கரண்டு நம்ம வழியாத்தான் தரைக்கு எறங்கும். அவரு கை வெச்சப்போ செருப்பு போட்டிருந்தாரா?"

"ரப்பர் செருப்பு."

"நீங்க?"

"வெறுங்கால்."

"அதான் விஷயம். தொட்டித் தண்ணிய சூடாக்குற ஹீட்டர் கண்ணாடியில விரிசல் விட்டிருக்கும். பிளக்கையெல்லாம் புடுங்கிடுங்க. அஞ்சு மணிக்கு வந்து பாக்கறேன். அதுவரைக்கும் யாரும் தண்ணியில கை வெக்காதீங்க, உசுரு போற விஷயம்."

பிளக்கைப் பிடுங்குவதாம்! அந்த வீட்டில் நடக்கிற காரியமா அது? தொட்டி உட்கார்ந்திருக்கும் அலமாரி தச்சரின் கைவேலை. ஒரு ஒயர்கூடக் கண்ணில் படக்கூடாது என்று பிளக்கு, சுவிட்சு எல்லாவற்றையும் உள்ளே தள்ளி, மேலே பலகை வைத்து, ஆறு திருகாணி போட்டு முடுக்கி, வார்னிஷும் அடித்துவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் "அடடா" என்றார்கள். அந்த "அடடா"வில் மனிதர் இரண்டு வருஷமாகக் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறார். இந்த இரண்டு வருஷமும் ஒரு நாள்கூட எதையும் அணைக்காமல்தான் தொட்டியைக் கழுவினார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, தொட்டி கழுவுகிற நாள். பத்து மணிக்கே வாளியும் குழாயுமாக வந்து நின்றார். அவள் தையல் மெஷினை விட்டு எழுந்தாள். சொன்னால் வீம்புக்கென்றே செய்வார். சொல்லாமல் இருந்தாலும் செய்யத்தான் போகிறார். என்னதான் செய்வாள்?

"ஏங்க, அஞ்சு மணி வரைக்கும் பொறுங்களேன். எலக்ட்ரீசியன் வரேன்னிருக்காரு. உங்க கால்ல செருப்பு இருந்துச்சாம், அதனாலதான் உங்களுக்குத் தெரியலையாம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஓகோ, செருப்புதான் பிரச்சனையா?" என்று இரண்டு செருப்பையும் உதறினார். ஒன்று சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது. வாளியிலிருந்து சிந்திய தண்ணீரில் வெறுங்காலோடு நின்றுகொண்டு சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தார். "இப்போ பாரு."

ஓடிப்போய் அவரை இழுக்கலாம். இழுக்கிற நேரத்தில் அவர் கை தண்ணீரில் இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சேர வேண்டியதுதான். வாசல் கதவை ஒட்டி மெயின் சுவிட்ச். ஒரே ஓட்டமாக ஓடிக் கைப்பிடியைக் கீழே இழுத்தாள்.

மின்விசிறி நின்றது. தொட்டி மோட்டாரின் உறுமல் நின்றது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ஏங்க?"

பதில் இல்லை.

"ஏங்க!"

அதற்கும் பதில் இல்லை. தெய்வமே என்று திரும்பினாள். முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டபடி, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றார். கோபம் வந்தால் வாய் திறக்க மாட்டார், பாவி மனுஷன். அவள் உயிர் போய் உயிர் வந்தது.

"பாத்தியா? ஒண்ணும் இல்ல" என்றார்.

"மெயினை எறக்கிட்டேன். அப்புறம் எப்படி இருக்கும்?"

"அப்போ ஏத்து."

"என்னது?"

"கையை எடுக்க மாட்டேன். ஏத்து பாக்கலாம்."

அவள் விரல்கள் இன்னும் கைப்பிடியின் மேல்தான் இருந்தன. ஏற்றிவிடுவோமோ என்று தன் மேலேயே பயம் வந்தது. நேற்றிலிருந்து அடக்கி வைத்த ஆத்திரம் அவ்வளவும் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஏத்தணும், அவ்வளவுதானே? நீங்க வந்து ஏத்துங்க. நான் கை வெக்கறேன்."

"தாராளமா" என்று வேட்டியில் கையைத் துடைத்தபடி வந்தார்.

அவள் போய் அதே ஈரத்தில், அதே இடத்தில், வெறுங்காலோடு நின்றாள். மணிக்கட்டு வரை கையை விட்டாள். தீனி என்று நினைத்து நாலு மீன்களும் குத்துப்பட்ட விரலைச் சுற்றி வந்தன.

"ம், ஏத்துங்க."

தச்சர் கைப்பிடியைப் பிடித்தார். பிடித்தபடியே அவளைப் பார்த்தார். அவள் பாதத்தைப் பார்த்தார், பாதத்தைச் சுற்றி இருந்த தண்ணீரைப் பார்த்தார்.

"மீன்தான் உயிரோட இருக்கே. ஏத்துங்க" என்றாள். வீம்பில் இந்த மனுஷன் ஏற்றினாலும் ஏற்றிவிடுவார். இருந்தும் கையை எடுக்கவில்லை.

எதுவும் உறைக்காத அந்தக் காய்ப்புக் காய்த்த கை கைப்பிடியிலிருந்து மெதுவாக இறங்கியது.

"எத்தனை மணிக்கு வரேன்னாரு?"

"அஞ்சு."

"இப்பவே வரச் சொல்லு."

மண்டியிட்டு சோபாவுக்கு அடியில் துழாவி அந்தச் செருப்பை எடுத்தார். ஜோடி சேர்த்து அவள் காலடியில் வைத்தார்.

"கையை எடு. இதைப் போட்டுக்க."

"அதான் மெயின் எறங்கிருக்கே."

"போட்டுக்கன்னா போட்டுக்க."

அவள் கால் அந்தப் பெரிய செருப்புக்குள் பாதிகூட நிறையவில்லை. அவர் தன் கருவிப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துக்கொண்டு அலமாரியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து நெசமாவே சுருக்குன்னு இருந்துச்சா?" என்று அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நேத்தே சொன்னேனே."

"ஆமா, சொன்னே" என்றார். வார்னிஷைச் சுரண்டிவிட்டு, முதல் திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார்.