சல்மீனின் சொந்த முகம்

நவ்ரூஸ் புத்தாண்டுக்கு நாலு நாள் இருக்கும்போது, வடக்கு தெஹ்ரானில் தன் ஓவியக்கூடத்தில் பர்ஹாம் 'புதிய ஹாஜி பிரூஸ்' என்ற நாடகத்தை நடத்தினான். சிவப்பு உடுப்பும் கரி பூசிய முகமுமாகக் கஞ்சிரா தட்டி நவ்ரூஸ்தோறும் தெருவில் ஆடுகிற அதே பழைய கோமாளிதான் ஹாஜி பிரூஸ். அவனை வைத்து நிறவெறியைத் தோலுரிக்கப் போவதாக அழைப்பிதழில் பீற்றியிருந்தான். அதற்கென்றே தெற்குக் கடற்கரை ஊரான பந்தர் அப்பாஸிலிருந்து நடிகன் சல்மீனை வரவழைத்திருந்தான். சல்மீன் பிறப்பிலேயே கறுப்பன். பள்ளிக்கூடத்திலிருந்தே அவனை ஹாஜி பிரூஸ் என்று கேலி செய்தார்கள். அந்த உடுப்பில் ஒரு தடவையாவது தன் சொந்த முகத்தோடு நிற்கவேண்டும் என்றுதான் வந்தான்.

கடைசி ஒத்திகையில் பர்ஹாம் கரிக் கிண்ணத்தை நீட்டினான்.

"என் மூஞ்சில கரி எடுபடாதுங்க," என்றான் சல்மீன்.

"தெரியும், சல்மீன் கண்ணு. ஆனா வேஷம்னு தெரியணும்ல? இல்லாட்டி பாக்கிறவங்களுக்குச் சிரிக்கக் கூசும்."

சல்மீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூச்சம் அவர்களுக்கு, கரி இவனுக்கா? முடியாது என்றான். அப்படியானால் வேறு ஆளைப் போடுவேன் என்று பர்ஹாம் முகத்துக்கு நேரே சொன்னான். கரி நன்றாக எடுபடுகிற வெளுத்த முகங்களுக்குத் தெஹ்ரானில் பஞ்சமா? சல்மீன் பூசிக்கொண்டான்.

எஜமான் வேடம் பர்ஹாமுக்கு. கோமாளி எவ்வளவு திட்டினாலும் எஜமான் கோபப்படக் கூடாது. பழைய கூத்தில் அதுதான் சட்டம். நாடகத்தன்று சல்மீன் அவன் தொப்பையையும் கருமித்தனத்தையும் கிழித்துத் தொங்கவிட்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. திடீரென்று ஆட்டத்தை நிறுத்தி, ஈரத்துணியை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான். துணி கறுத்தது. முகம் அப்படியே இருந்தது.

"அவ்வளவுதான் வருது, எஜமான். மிச்சம் எங்கம்மா குடுத்தது. இப்பச் சிரிக்கச் சொல்லுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி குனிந்து கைப்பையைத் துழாவினாள்.

பர்ஹாமுக்கு வேடம் மறந்துபோனது. "என் இடத்துல என்னையே அசிங்கப்படுத்துறியா? வெளிய போடா, கறுப்பா," என்றான்.

அதையும் நாடகம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டிச் சிரித்தது. குனிந்திருந்தவளும் நிமிர்ந்து சிரித்தாள்.

சல்மீன் போகவில்லை. சிரிப்பு அடங்கும்வரை அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றான்.