என் வலிக்கு ரெண்டு பேர் தீர்ப்பு சொன்னாங்க

எனக்கு வலிக்குதுன்னா வலிக்குதுன்னு அர்த்தம். இதை என் வீட்டுக்காரர் மண்டையில ஏத்த ரெண்டு ஆபரேஷன் ஆச்சு. ரெண்டும் எனக்கு!

பார்லர்ல முடி வெட்டுறவ நான். நாள் பூரா நின்னு நின்னு முதுகெலும்புல ஒரு டிஸ்க் தேஞ்சு போச்சு. அதை எடுத்துட்டு செயற்கை டிஸ்க் வச்சாங்க. வீட்டுக்கு வந்த கொஞ்ச நாள்லயே இடுப்புலேருந்து கால் வரைக்கும் ஷாக் அடிக்கிற மாதிரி ஒரு வலி. இவர் கார் மெக்கானிக். என்ன சொன்னார் தெரியுமா? "புது பார்ட் போட்டா முதல்ல அப்படித்தாம்மா இருக்கும். ஓட ஓட செட் ஆயிடும்."

அடப்பாவி மனுஷா, நான் என்ன வண்டியா? தினமும் சாயங்காலம் தெருமுனை வரைக்கும் என்னை நடக்க வச்சார். நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நடந்தேன். வழியில உட்கார்ந்தா, "சோம்பேறித்தனம் பண்ணாத"ன்னு அதட்டல் வேற.

ஆபரேஷன் பண்ணின டாக்டர் இவருக்கு மேல. ஒரு ஸ்கேன்கூட எடுக்காம, "பயம்தான் உங்களுக்கு வலியாத் தெரியுது"ன்னார். பக்கத்துல இருந்த இவர், "வீட்டுலயும் இப்படித்தான் டாக்டர், எல்லாத்தையும் பெருசு பண்ணுவா"ன்னு சிரிச்சார். அந்தச் சிரிப்பை நினைச்சா இன்னிக்கும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

கடைசில என் அக்காதான் வேற ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போய் ஸ்கேன் எடுக்க வச்சா. டிஸ்க் இடம் நழுவி நரம்பை அழுத்திக்கிட்டு இருந்துது. மறுபடி கீறி, அதை எடுத்துட்டு, எலும்பை ஸ்க்ரூ போட்டு இறுக்கினாங்க.

இப்ப குனியக்கூடாது, முறுக்கித் திரும்பக்கூடாது. எழுந்திரிக்கணும்னா உடம்பை மொத்தமா ஒருக்களிச்சு, காலைக் கீழ போட்டு, கையை ஊன்றி எழணும். இவர் விழுந்து விழுந்து கவனிக்கிறார். கீழ உட்கார்ந்து செருப்பு மாட்டி விடும்போது ஒரு உதை விடலாமான்னு தோணும். கால் தூக்க முடியல, அதனால தப்பிச்சார்.

நேத்து காலையில இடது கால் மரத்துப் போச்சு. இந்தத் தடவையாவது நான் சொல்றதை யாராவது நம்புவாங்களா? அவர்கிட்ட சொன்னேன். மறுபேச்சு பேசாம வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில ஒரு சின்ன டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துட்டு, "பெரிசா ஒண்ணும் இருக்காது, அடுத்த மாசம் பார்க்கலாம்"ன்னார். இவர் எழுந்து நின்னார். "என் பொண்டாட்டி கால் மரத்துப் போச்சுங்கறா. அப்படின்னா மரத்துப் போச்சு. ஸ்கேன் எடுக்காம இங்கேருந்து நகர மாட்டோம்!" வெளியில உட்கார்ந்திருந்தவங்க எல்லாம் எட்டிப் பார்த்தாங்க.

எடுத்தாங்க. ஸ்க்ரூ எல்லாம் சரியாத்தான் இருக்கு, நரம்புல வீக்கம், மருந்துலயே குறையும்னு பெரிய டாக்டர் வந்து சொன்னார். வெளிய வரும்போது இவர் என் மூஞ்சியைப் பார்த்தார், பாராட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி.

வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே நின்னுட்டேன்.

"நல்லாத்தான் கத்துறீங்க. அன்னிக்கு எங்க போச்சு இந்த வாய்?"

"அன்னிக்கு டாக்டர் சொன்னதை நம்பிட்டேம்மா."

"என்னை ஏன்யா நம்பல?"

அத்தனை பேர் முன்னாடி ஓன்னு அழுதேன். அழாதன்னு அவர் சொல்லல. சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன்.